ஸ்ட்ரோட்சி மாளிகையைக் கட்டியது யார்? கணக்குப் புத்தகங்களில் தேடுவது எப்படி?

கல்யாழி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கட்டடப் பாதுகாப்புப் படிப்பின் ஒரு பருவத்துக்காக பிளாரன்ஸில் தங்கியிருக்கிறேன். தினமும் நடக்கிற வழியில்தான் பலாட்சோ ஸ்ட்ரோட்சி இருக்கிறது. 1489-இல் கடைக்கால் போட்ட மாளிகை. சுவரின் அடியில் நீளமாக ஒரு கல் திண்ணை ஓடுகிறது, கால் வலித்தால் அதில் உட்காருவேன். தலைக்கு மேலே இரும்பு வளையங்கள், மூலையில் இரும்பு விளக்குக் கூண்டு. முரட்டுக் கல்லை இவ்வளவு ஒழுங்காக அடுக்கிய சுவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதன் கட்டுமான வரலாற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். முதல் நாளே சிக்கிக்கொண்டேன். வடிவமைத்தவர் பெனெடெட்டோ தா மையானோ என்கிறது ஒரு புத்தகம். ஜூலியானோ தா சங்காலோ என்கிறது இன்னொன்று. க்ரோனாகா என்கிறது மூன்றாவது. ஆவணக் காப்பகத்துக்குப் போய்ப் பார் என்கிறார் ஆசிரியர். அச்சிட்ட இத்தாலியம் படித்துவிடுவேன், 15ஆம் நூற்றாண்டுக் கையெழுத்தை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

ஏடுதேடி எழுதியது:

நல்ல இடத்தைத்தான் பிடித்திருக்கிறாய் தங்கை. அந்தக் காலத்து பிளாரன்ஸ் மாளிகைகளில் இவ்வளவு காகிதம் மிஞ்சியது அரிது. மெடிசி மாளிகை இதைவிடப் புகழ்பெற்றது, ஆனால் அதன் கட்டடக் கணக்குகள் கிடைக்கவில்லை. அதனால்தான் 1440களில் கோசிமோ தெ மெடிசி அதைத் தொடங்கியபோது யார் வரைந்து கொடுத்தார் என்பதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில், அந்த மூன்று பெயர்களும் எங்கிருந்து வந்தன என்று பார். பெனெடெட்டோ தொடங்கினார், க்ரோனாகா தொடர்ந்தார் என்பது வசாரி சொன்னது. அவருடைய கலைஞர் வரலாறு 1550-இல் வெளிவந்தது. கடைக்கால் போட்டு 61 வருடம் கழித்து! அவர் பிறந்ததே 1511-இல். ஆக அவர் எழுதியது நேரில் கண்டதல்ல, ஊரில் கேட்டது. சங்காலோ பெயர் வந்த வழி வேறு. ஸ்ட்ரோட்சி குடும்பத்தின் கணக்கில், மரத்தில் மாதிரி செய்ததற்காக அவருக்குப் பணம் கொடுத்த பதிவு இருக்கிறது. ஒன்று பேச்சு, மற்றொன்று பற்று. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தாதே.

நீ போக வேண்டிய இடம் பிளாரன்ஸ் அரசு ஆவணக் காப்பகம். 1852-இல் கோமகன் இரண்டாம் லியோபோல்டு காலத்தில் தொடங்கியது. ரொம்ப காலம் உஃபீட்சி கட்டடத்தில் இருந்தது. 1966 நவம்பர் 4-இல் ஆர்னோ ஆறு ஊருக்குள் புகுந்தபோது அங்கே ஏராளமான கட்டுகள் சேற்றில் நனைந்தன. பிறகுதான் பெக்காரியா சதுக்கத்துப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். அங்கே கார்த்தே ஸ்ட்ரோட்சியானே என்று ஒரு தொகுதி இருக்கிறது, அதாவது ஸ்ட்ரோட்சி காகிதங்கள். 17ஆம் நூற்றாண்டில் கார்லோ ஸ்ட்ரோட்சி என்ற செனட்டர் தேடித் தேடிச் சேர்த்தவையும் குடும்பத்தின் சொந்த ஏடுகளும் அதில் உண்டு. மாளிகை கட்டிய பிலிப்போவின் கணக்குகளை ஐந்தாம் வரிசையில் தேடு. உள்ளே பென்சில் மட்டும்தான், பேனாவைப் பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

நாள்வழி எழுதியது:

நான் முப்பது வருடத்துக்கு மேல் தணிக்கை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கலை வரலாறு எனக்குத் தெரியாது. கணக்குத் தெரியும், அதனால் இந்த இழையைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை.

பிளாரன்ஸ் வணிகர்கள் இரட்டைப் பதிவில் கைதேர்ந்தவர்கள். பிலிப்போ ஸ்ட்ரோட்சி நேப்பிள்ஸில் வங்கி நடத்திப் பணம் சேர்த்தவர். வீட்டைக் கட்டும்போதும் அதை ஒரு வியாபாரக் கணக்கு போலவே நடத்தினார். கட்டடத்துக்கென்று தனிப் புத்தகம் வைத்தார்கள். அன்றாடம் எழுதும் நாள்வழி ஒன்று, ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கிய பேரேடு ஒன்று. சுண்ணாம்புக் காளவாய்க்காரருக்கு ஒரு பக்கம், கல் வெட்டுபவருக்கு ஒரு பக்கம், கொல்லருக்கு ஒரு பக்கம். இவர் இவ்வளவு தர வேண்டும், இவருக்கு இவ்வளவு வர வேண்டும் என்று எதிரெதிரே எழுதியிருக்கும்.

இந்த அமைப்பால் உங்களுக்குக் கிடைக்கும் லாபம் பெரிது. மாதிரிக்கான பணம் நாள்வழியில் ஒரு வரியாக வரும், பிறகு பேரேட்டில் வாங்கியவர் பெயரில் ஏறும். கட்டடச் செலவுத் தலைப்பில் அதே தொகை மறுபடியும் வரும். ஒரு பக்கம் கிழிந்து போயிருந்தாலும் மற்றதை வைத்து மீட்டுவிடலாம். எண்ணைத் துரத்துங்கள் அம்மா, பெயர் தானாக வரும்.

ஒரு எச்சரிக்கை. கூலி கொடுத்தது வெள்ளிக் காசில்: 1 லிராவுக்கு 20 சோல்தி, 1 சோல்திக்கு 12 தெனாரி. மொத்தச் செலவைப் பேசும்போது தங்க புளோரின். இரண்டுக்கும் நிலையான மாற்று விகிதம் கிடையாது. 1252-இல் புளோரினை முதலில் அச்சடித்தபோது அது 1 லிராவுக்குச் சமம். பிலிப்போ காலத்தில் 6 லிராவைத் தாண்டிவிட்டது. அந்தந்த மாதத்து விகிதத்தை அதே புத்தகத்தில் தேடி எடுங்கள். ஒரே விகிதத்தை வைத்து மொத்தக் கணக்கையும் பெருக்கினால் கூட்டல் உதைக்கும்.

கொத்துக்கரண்டி எழுதியது:

நான் சைட் இன்ஜினியர். அப்பா, தாத்தா எல்லாம் கொத்து வேலை. என்னைக் கேட்டால் வடிவமைத்தவர் யார் என்பதை விட்டுவிட்டு முதலில் மஸ்டர் ரோலைப் பாருங்கள். இத்தனாம் தேதி இத்தனை கொத்தனார், இத்தனை சித்தாள், யார் யாருக்கு எத்தனை நாள் கூலி என்பதுதான் கட்டடத்தின் உண்மையான ஜாதகம். வேலை எந்த மாதம் ஓடியது, எந்த மாதம் படுத்தது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

எனக்கு ஒரு கேள்வி. அந்த முகப்புக் கல் எங்கிருந்து வந்தது? ஏற்றுக்கூலி பதிவு இருந்தால் வண்டிக்காரர்கள் பெயர்களும் கிடைத்திருக்குமே?

ஏடுதேடி எழுதியது:

முகப்புக் கல் பியெத்ரா ஃபோர்த்தே, அதாவது வலுக்கல் என்ற மணற்கல் வகை. பழுப்பேறிய மஞ்சள் நிறம். ஆற்றுக்குத் தெற்கே, இன்று போபோலி தோட்டம் இருக்கும் குன்றுப் பக்கத்திலேயே அந்தக் கல்லை வெட்டியிருக்கிறார்கள். நுணுக்க வேலைக்கு வேறு கல், சாம்பல் நிற பியெத்ரா செரேனா. அது ஃபியேசோலே, செத்திஞ்ஞானோ குன்றுகளின் கல். கணக்கில் கல்லின் பெயரைப் பார்த்தாலே முகப்பா, முற்றமா என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

கூலிக்காரர்கள் பெயர்களும் இருக்கின்றன. ஆனால் குடும்பப் பெயர் இருக்காது. இன்னார் மகன் இன்னார், இன்ன ஊர், அவ்வளவுதான். க்ரோனாகாவையே எடுத்துக்கொள். ஏட்டில் சிமோனே தி தொம்மாசோ என்று வந்தால் அது அவர்தான் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தொம்மாசோ மகன் சிமோனே. க்ரோனாகா என்பது பட்டப்பெயர், நாளாகமம் என்று அர்த்தம். ரோமில் பழைய இடிபாடுகளை அளந்துவிட்டு ஊர் திரும்பியவர் அதையே ஓயாமல் பேசிக்கொண்டிருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்கிறார் வசாரி. களத்தில் நின்று கல் வேலையை நடத்திய தலைமை மேஸ்திரி அவர். உச்சியில் நிற்கும் அந்தப் பெரிய கொடுங்கை அவருடையது. அது எல்லாப் பக்கமும் முடியவில்லை, நடுவிலேயே நின்றுபோனது.

விளக்குக் கூண்டும் வளையங்களும் நிக்கோலோ குரோஸ்ஸோ என்ற கொல்லரின் வேலை. கபார்ரா என்று கூப்பிட்டார்கள், அதாவது முன்பணம். அட்வான்ஸ் கையில் வராமல் சுத்தியலைத் தொடமாட்டார், கடன் கிடையாது. இதுவும் வசாரி சொன்ன கதைதான். கொல்லர் பக்கத்தில் முன்பணம் எப்படி ஏறியிருக்கிறது என்று பார்ப்பது நல்ல வேலை.

மதிற்சுவர் எழுதியது:

எல்லோரும் வசாரியை ஓரம் கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கணக்கில் பெனெடெட்டோ பெயரில் வடிவமைப்புக் கூலி இல்லை, சரி. அதனால் அவருக்குப் பங்கே இல்லை என்று ஆகிவிடுமா? பிலிப்போவுக்கும் அவருக்கும் நெருக்கம் உண்டு. பிலிப்போவின் மார்பளவுச் சலவைக்கல் சிலையைச் செதுக்கியவர் பெனெடெட்டோ, அது இன்று லூவரில் இருக்கிறது. சாந்த மரியா நொவெல்லா கோயிலில் பிலிப்போவின் கல்லறையைச் செய்தவரும் அவரே. அப்படி வீட்டுக்குள் வந்துபோகிற ஒருவர் ஒரு மாலையில் உட்கார்ந்து வரைந்து காட்டியிருக்கலாம். அதற்கெல்லாம் யார் ரசீது எழுதுவார்கள்? இன்னொன்று, மாதிரி செய்ததற்குப் பணம் வாங்கினார் என்றால் சங்காலோ தச்சராகச் செய்தாரா, வடிவமைப்பாளராகச் செய்தாரா? அவர் இரண்டும் தெரிந்தவர். அந்த ஒரு வரி இதைச் சொல்லாது.

நாள்வழி எழுதியது:

மதிற்சுவர் சொல்வது நியாயம். வவுச்சர் இல்லாததால் வேலையே நடக்கவில்லை என்று எந்தத் தணிக்கையாளரும் எழுதக் கூடாது. பணம் கைமாறியதற்குச் சான்று காணோம் என்று மட்டும்தான் எழுதலாம். கல்யாழி அந்த நடையையே பின்பற்றட்டும்.

ஒன்று சேர்க்கிறேன். கட்டடக் கணக்கோடு நிற்காமல் பிலிப்போவின் சொந்தக் கணக்கில் பெனெடெட்டோவின் பக்கத்தையும் பாருங்கள். கல்லறைக்குக் கொடுத்த பணம் அங்கே ஏறியிருக்க வேண்டும். விவரம் எழுதாத தொகை ஏதேனும் இருந்தால் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

கல்யாழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முதல் முறை காப்பகம் போய்வந்தேன். வணிகர் கையெழுத்து நினைத்ததைவிடக் கடினம், ஒரு பக்கத்துக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. ஆனால் 'கல்' என்ற சொல் பிடிபட்டதும் அது ஒவ்வொரு வரியிலும் தெரிய ஆரம்பித்தது.

ஒரு குழப்பம். 1489 பிப்ரவரி என்று தேதி போட்ட பதிவு ஒன்று பார்த்தேன். கடைக்கால் போட்டதே 1489 ஆகஸ்டில். அதற்கு ஆறு மாதம் முன்பே வேலை நடந்ததா?

ஏடுதேடி எழுதியது:

அது 1490 பிப்ரவரி. பிளாரன்ஸில் அன்று புத்தாண்டு ஜனவரி 1 கிடையாது, மார்ச் 25. கன்னி மரியாளுக்கு தேவதூதர் மங்கள வார்த்தை சொன்ன நாள். 1489 ஆகஸ்டுக்குப் பிறகு டிசம்பர் வரும், ஜனவரி வரும், பிப்ரவரி வரும், எல்லாம் இன்னும் 1489தான். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இப்படியே எழுதினார்கள். நான் மாணவியாக இருந்தபோது இதே தவறால் ஒரு அத்தியாயத்தின் வரிசை முழுவதையும் தலைகீழாக எழுதிவிட்டேன். விளைவு முன்னாலும் காரணம் பின்னாலும் நின்றன. இரண்டு வாரம் உட்கார்ந்து திருத்தினேன். உன் குறிப்பேட்டில் ஏட்டின் தேதி, நம் தேதி என்று இரண்டு பத்தி போட்டுக்கொள்.

கொத்துக்கரண்டி எழுதியது:

கட்டியவர்கள் சரி, கட்டுவித்தவர்? ஒரு வங்கிக்காரருக்கு இவ்வளவு பெரிய வீடு எதற்கு?

ஏடுதேடி எழுதியது:

இதற்குக் கணக்கு போதாது, கடிதம் வேண்டும்.

பிலிப்போ 1428-இல் பிறந்தவர். 1434-இல் கோசிமோ தெ மெடிசி ஊர் திரும்பி அதிகாரத்தைப் பிடித்ததும் பிலிப்போவின் அப்பா மத்தேயோவை நாடு கடத்தினார்கள். அவர் வெளியூரிலேயே இறந்துபோனார். அம்மா அலெஸ்ஸாந்த்ரா பிளாரன்ஸில் தங்கி, தூரத்தில் இருந்த மகன்களுக்கு எழுதிய கடிதங்களில் எழுபதுக்கு மேல் இன்றும் இருக்கின்றன. 1447 ஆகஸ்டில் தொடங்குகின்றன. மகள் கத்தரீனாவுக்கு 1,000 புளோரின் வரதட்சணையில் மாப்பிள்ளை பார்த்தது, வரிச்சுமை, விற்க வேண்டிய நிலம், எல்லாம் இருக்கும். 1458-இல் மகன்களுக்கும் ஊருக்குள் வரத் தடை விழுந்தது. அடுத்த வருடம் கடைக்குட்டி மத்தேயோ நேப்பிள்ஸில் காய்ச்சலில் இறந்தான். அந்த நேரத்துக் கடிதத்தை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. பிள்ளையின் பக்கத்தில் இருந்து பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்ற தவிப்பை அடக்கிக்கொண்டு, மூத்தவனைத் தேற்றி எழுதுகிறாள்.

1466-இல் தடை நீங்கி பிலிப்போ ஊருக்கு வந்தார். 1474-லிருந்து அக்கம்பக்கத்து வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கத் தொடங்கினார். இங்கேதான் பத்திரங்கள் உதவும். நோட்டரி எழுதிய பத்திரத்தில் நம் ஊர்ப் பத்திரம் போலவே எல்லை சொல்வார்கள்: முதல் பக்கம் தெரு, இரண்டாம் பக்கம் இன்னார் சொத்து என்று. அவற்றோடு 1427, 1480 வரிக்கணக்குகளையும் வைத்துப் பார்த்தால் மாளிகைக்கு அடியில் மறைந்துபோன வீடுகள் எவருடையவை என்று ஒரு வரைபடமே போடலாம். ருச்செல்லாய் மாளிகை இப்படித்தான் எட்டு வீடுகளை ஒன்றாக்கி வந்தது, ஜொவான்னி ருச்செல்லாயே அதை எழுதி வைத்திருக்கிறார். அதன் வலது ஓரம் பிய்த்தாற்போல் நிற்கும், ஒருமுறை போய்ப் பார்.

ஆக உன் கேள்விக்கு விடை: அப்பாவைத் துரத்திய ஊரின் நடுவில், மெடிசி மாளிகையைவிடப் பெரிதாக ஒரு வீடு. அதற்கு நல்ல நேரம் பார்த்தார்கள். சோதிடர்கள் கணித்தபடி 1489 ஆகஸ்டு 6, மலைக்கு மேலே சூரியன் எழும் வேளையில் கடைக்கால். அதே நேரத்தில் பல மடங்களில் பூசை நடக்க ஏற்பாடு செய்ததாக பிலிப்போ தன் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார்.

மதிற்சுவர் எழுதியது:

அதே நாளைப் பற்றி வேறொருவர் எழுதியதையும் கல்யாழி படிக்க வேண்டும். திரிபால்தோ தெ ரோஸ்ஸி என்று ஊர்க்காரர் ஒருவர். தன் பிள்ளைகள் குவார்னியேரியையும் பிரான்செஸ்காவையும் வேடிக்கை பார்க்க வரவழைத்தார். பையனுக்கு நான்கு வயது, பச்சையும் மஞ்சளும் மின்னும் புதுச் சட்டை. அவனைத் தூக்கிப் பள்ளத்தைக் காட்டி, அல்லிப் பூ முத்திரை போட்ட காசு ஒன்றைக் கையில் கொடுத்து உள்ளே போடச் சொன்னார். தன் கையிலிருந்த ரோஜாக் கொத்தையும் போட வைத்தார். இதை நினைவில் வைத்திருப்பாயா என்று கேட்டார். வைத்திருப்பேன் என்றான் பையன்.

எதிரே மருந்துச் சரக்குக் கடை வைத்திருந்த லூக்கா லாண்டூச்சியின் நாட்குறிப்பும் உண்டு. அவருக்கு இது விழா அல்ல, தொல்லை. தூசி, கூட்டம், கல்லும் மண்ணும் சுமந்து வழியை அடைக்கும் கழுதைகள், கோவேறு கழுதைகள். கட்டடம் எந்த அளவு எழுந்தது என்பதை இப்படிப்பட்ட நாட்குறிப்பை வைத்துச் சரிபார்க்கலாம்.

கொத்துக்கரண்டி எழுதியது:

சைட்டுக்கு எதிர்க் கடைக்காரர் 500 வருடம் முன்பும் அதையேதான் சொல்லியிருக்கிறார். அவர் சொல்வதில் தப்பே இல்லை. நான் இப்போது பார்க்கும் வேலையில் தினமும் இரண்டு முறை தண்ணீர் தெளிக்க வைக்கிறேன்.

நாள்வழி ஐயா, மொத்தம் எவ்வளவு ஆனது?

நாள்வழி எழுதியது:

35,000-இலிருந்து 40,000 புளோரின் வரை. உடல் உழைப்புக்காரருக்கு நாளொன்றுக்கு 10 சோல்தி, புளோரினுக்கு ஆறரை லிரா என்று வைத்தால், 13 நாள் கூலி ஒரு புளோரின். 40,000 புளோரின் என்பது 5,20,000 நாள் கூலி. எண்ணைத் தாளில் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கல்யாழி எழுதியது:

பிலிப்போ அதை முழுதாகப் பார்த்தாரா?

ஏடுதேடி எழுதியது:

இல்லை. 1491 மே 14-இல் இறந்துவிட்டார், இரண்டு வருடம்கூட ஆகவில்லை. சுவர் முதல் மாடியைக்கூட எட்டவில்லை. உயிலில் மாளிகையைப் பற்றி விரிவாக எழுதினார். மகன்கள் தொடர்ந்து கட்டியே ஆக வேண்டும். தவறினால் லொரென்சோ தெ மெடிசி பொறுப்பேற்று முடிக்க வேண்டும். லொரென்சோ யார்? அப்பாவை நாடு கடத்திய அந்தக் கோசிமோவின் பேரன். கட்டடத்தைக் காக்கத் தன் குலப்பகையையே காவலுக்கு வைத்தார் பிலிப்போ. உயில் என்ற ஆவணத்தின் வலு இங்கேதான் தெரிகிறது. ஆனால் லொரென்சோவும் மறு வருடமே இறந்தார்.

பிலிப்போவின் மகன் பின்னாளில் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் ஒரு கதை வரும். அப்பா எளிய வீடு போதும், கீழே வாடகைக் கடைகள் வைக்கலாம் என்று நடித்தாராம். லொரென்சோவே அது அழகல்ல, பெரிதாகக் கட்டு என்று சொல்லும்படி செய்தாராம். படிக்க இனிமையான கதை. எழுதியவர் மகன் என்பதை ஓரத்தில் குறித்துக்கொள்.

வேலை நின்று நின்று 1538 வரை இழுத்தது. மகன்கள் மாளிகையைப் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். மூத்தவர் அல்ஃபோன்சோ பக்கம் ஒரு பாதி, இளைய தாரத்துப் பிள்ளைகள் லொரென்சோவுக்கும் இளைய பிலிப்போவுக்கும் மற்றது. அதனால் 1491-க்குப் பிறகு ஒரே கணக்கு என்று தேடாதே, பாதிக்குப் பாதி பிரித்துத் தேடு.

கல்யாழி எழுதியது:

இன்று கட்டுரையின் முதல் பத்தியை அழித்துவிட்டேன். மூன்று பெயரில் எது சரி என்று தொடங்கியிருந்தேன். இப்போது 1489 ஆகஸ்டு முதல் 1491 மே வரை மட்டும் எடுத்துக்கொண்டு, பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று வாரம் வாரமாக எழுதப் போகிறேன். மாதிரிக்காரர் சங்காலோ, கல் வேலைக்கு க்ரோனாகா, கொல்லர், காளவாய்க்காரர், தகப்பன் பெயரோடு மட்டும் நிற்கும் கூலிக்காரர்கள், எல்லோருக்கும் ஒரே அட்டவணை. பெனெடெட்டோவுக்கு ஒரு வரிசை விட்டிருக்கிறேன், கட்டம் காலியாக இருக்கிறது. சொந்தக் கணக்கைப் பார்த்த பிறகு நிரப்புவதா என்று முடிவு செய்வேன்.

நாளைக்கு இரண்டாம் புத்தகம் கேட்டிருக்கிறேன். காலை எட்டரைக்கே போய்விடுவேன். கொத்துக்கரண்டி அண்ணா, சுண்ணாம்பை எந்த அளவையில் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவந்து சொல்கிறேன், சுவரின் கனத்தோடு அது ஒத்துப்போகிறதா என்று நீங்கள் கணக்குப் போட்டுத் தாருங்கள்.

கொத்துக்கரண்டி எழுதியது:

கொண்டு வாங்க. அவர்கள் முழம் 58 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் என்று படித்தேன். சுவரின் கனம் எத்தனை முழம் என்றும் சேர்த்து எழுதிக்கொண்டு வாருங்கள்.